பல்லு இருக்கறவனுக்குத்தான் பக்கோடாவா?

ரொம்ப நாளாச்சு பதிவு போட்டு. ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம். இன்னிக்கும் மொக்கை போட வரல, கொஞ்சம் கணக்கு பேசலாம்னு வந்திருக்கேன். "அய்யோ, கணக்கா!"ன்னு ஓடிடாதீங்க. கூட்டல் கழித்தல் தாண்டி எதுவும் இல்ல. ஆனா ஒரு வருத்தம் இருக்கு, அதை எங்கயாவது இறக்கி வெக்கணும்.

நான் இப்ப பொட்டி தட்டறது அமெரிக்காவுல. இங்க எங்க ஊர்ப் பக்கம் ஒரு கோயில் இருக்கு. நிலம் சல்லிசா கிடைக்குதுன்னு ஊரைத் தாண்டி, சோளக்காட்டுக்கு நடுவுல கட்டினது. அதோட வெப்சைட்டைப் பார்த்துக்கறது அடியேன்தான். சம்பளம் ஞாயித்துக்கிழமை புளியோதரை. அந்த வகையில கமிட்டி மீட்டிங்லயும் ஒரு ஓரமா உக்கார இடம் உண்டு.

2023 இலையுதிர் காலத்துல ஒரு மீட்டிங். கார் நிறுத்தற இடத்துல நாலு மின்சார கார் சார்ஜர் வெக்கலாமான்னு பேச்சு. அம்பது மைல் தள்ளி இருந்தெல்லாம் வர்றாங்க, பாதிப் பேர் மின்சார கார், அபார்ட்மெண்ட்ல குடியிருக்கறவங்களுக்கு வீட்டுல சார்ஜ் பண்ண வழி கிடையாது (நானும் அந்த ஜாதிதான்). சாமி கும்பிட்டு, சாப்பிட்டு, கதை பேசி முடிக்கற மூணு மணி நேரத்துல கார் பாதி நிறைஞ்சிடும். நல்ல யோசனைதானே? மண்ணைத் தோண்டி ஒயர் இழுக்கறதோட சேர்த்து 40,000 டாலர் ஆகும்னு கொட்டேஷன் வந்திருந்தது.

"கவர்ன்மெண்டு இதுக்கெல்லாம் டாக்ஸ் கிரெடிட் தர்றானாமே?"ன்னு ஒரு மாமி கேட்டாங்க. பொருளாளர் அங்கிள் ஏற்கனவே ஆடிட்டர்கிட்ட விசாரிச்சு வெச்சிருந்தார். "கோயில் வரியே கட்டறதில்லையேம்மா. கட்டாத வரியில எதைக் கழிக்கறது?" எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன். தீர்மானம் ஒத்தி வைக்கப்பட்டது.

அந்த பதில் தப்பு. அது தப்புன்னு எங்களுக்குத் தெரிய ரெண்டு வருஷம் ஆச்சு. ஆனா அந்த ஆடிட்டரை நான் திட்ட மாட்டேன். பல வருஷமா அதுதான் சரியான பதிலா இருந்தது. அதைப் பத்திதான் இந்தப் பதிவே.

முதல்ல டாக்ஸ் கிரெடிட்னா என்னன்னு ரெண்டு வரி. நம்ம ஊர்ல 80சி தெரியும் இல்லையா, அது வருமானத்துல கழிக்கறது. அது கழிவு. டாக்ஸ் கிரெடிட் அப்படி இல்ல, கட்ட வேண்டிய வரியிலயே நேரா கழிக்கறது. 1000 ரூபா கிரெடிட்னா, 1000 ரூபா வரி குறையும். கேக்க அமோகமா இருக்கு. ஒரே ஒரு சிக்கல்: குறைக்கறதுக்கு முதல்ல உங்களுக்கு வரி இருக்கணும்.

மின்சார கார் வாங்கினா 7500 டாலர் வரைக்கும் கிரெடிட்னு இங்க ஒரு திட்டம் இருந்தது. 2023-ல, தனி ஆள், வருஷத்துக்கு 30,000 டாலர் சம்பளம்னு வெச்சுக்குங்க. எல்லாருக்கும் கிடைக்கற 13,850 டாலர் கழிவு போக மிச்சத்துக்கு வரி போட்டா சுமார் 1,700 டாலர் வரும். அவருக்குக் கிடைக்கற கிரெடிட்டும் அந்த 1,700 தான். மிச்சம் 5,800 டாலர்? காத்தோட போச்சு. அடுத்த வருஷத்துக்கும் எடுத்துட்டுப் போக முடியாது. அதே காரை 1,40,000 டாலர் சம்பளக்காரர் வாங்கினா முழு 7500-ம் அவருக்கு. அதாவது காசு நிறைய இருக்கறவருக்கு நிறைய, கம்மியா இருக்கறவருக்குக் கம்மி. ரேஷன் கடையை இப்படித் தலைகீழா நடத்தினா நாம சும்மா விடுவோமா?

2024 ஜனவரியிலிருந்து இதைச் சரி பண்ணினாங்க. கிரெடிட்டை டீலர்கிட்டயே எழுதிக் குடுத்துட்டா, கார் விலையிலயே 7500 குறைச்சுக்கலாம். உங்க வரி அதை விடக் கம்மியா இருந்தாலும் திருப்பிக் கட்டத் தேவையில்ல. அப்புறம் 2025 செப்டம்பர் 30-ஓட அந்தத் திட்டத்துக்கே மங்களம் பாடிட்டாங்க, அது வேற கதை. நான் சொல்ல வர்றது, சரி பண்ண முடியும்னு அவங்களே காட்டினாங்க.

தனி ஆளை விடுங்க. காத்தாலை, சோலார் பண்ணை வெக்கற கம்பெனிகளுக்கும் இதே தலைவலிதான். காத்தாலைக்கு யூனிட்டுக்கு இவ்வளவுன்னு டாக்ஸ் கிரெடிட் 1992 சட்டத்துலயே வந்தாச்சு. ஆனா புதுசா காத்தாலை வெக்கறவனுக்கு முதல் சில வருஷம் தேய்மானம், வட்டி எல்லாம் போக லாபமே இருக்காது. லாபம் இல்லன்னா வரி இல்ல. வரி இல்லன்னா கிரெடிட்டால பிரயோஜனம் இல்ல. என்ன பண்றது? வரி நிறைய கட்டறவனைத் தேடிப் போகணும். யாரு அது? பெரிய பேங்க்கு!

இதுக்கு 'டாக்ஸ் ஈக்விட்டி'ன்னு பேர் வெச்சு ஒரு தொழிலே நடக்குது. பேங்க் பணம் போட்டு கூட்டாளியா சேரும். முதல் சில வருஷம் வரிப் பலன்ல 99 சதவீதம் வரை பேங்குக்கு. பேங்க் எதிர்பார்த்த லாபம் வந்ததும் பங்கு அப்படியே புரண்டு பேங்குக்கு 5 சதவீதம், மிச்சம் காத்தாலைக்காரருக்கு. இந்த ஒப்பந்தத்தை எழுத வக்கீல், கணக்கர், ஆலோசகர்னு ஒரு பட்டாளம். சின்ன திட்டத்துக்கு இந்த செலவு கட்டுப்படியே ஆகாது. அதனால பெரிய திட்டம்தான் உள்ள வரும். இந்த சந்தையில பாதிக்கு மேல ஜே.பி. மார்கன், பேங்க் ஆஃப் அமெரிக்கா ரெண்டு பேர் கையிலதான் இருந்தது. சுத்தமான மின்சாரத்துக்குன்னு ஒதுக்கின பணத்துல ஒரு பங்கு இப்படி இடைத்தரகுக்கே போச்சு.

இதுல 2008-ல ஒரு கூத்து. பேங்குகள் எல்லாம் கவுந்துச்சு. லேமன், ஏ.ஐ.ஜி. மாதிரி இந்த சந்தையில இருந்தவங்களே காணாம போனாங்க. மிச்சம் இருந்த பேங்குக்கும் லாபம் இல்ல, அதனால வரியும் இல்ல, அதனால கிரெடிட் தேவை இல்ல. காத்து அதே வேகத்துலதான் அடிச்சுது, வெயிலும் அதே வெயில்தான். ஆனா எங்கயோ நியூயார்க்ல ஒரு பேங்க் நஷ்டப்பட்டதால காத்தாலை வெக்கப் பணம் வரல! கடைசியில 2009-ல அரசாங்கமே இறங்கி வந்து, "சரி, கிரெடிட்டுக்கு பதிலா 30 சதவீதத்தைக் காசாவே வாங்கிக்கோங்க"ன்னு சொல்லுச்சு. 1603-ம் பிரிவுன்னு பேரு. திட்டங்கள் திரும்ப ஓட ஆரம்பிச்சுது. அதுவும் தற்காலிகம்தான், பழையபடி பேங்க் வாசலுக்கே போக வேண்டியதாச்சு.

"இது அமெரிக்கா சமாச்சாரம், நமக்கென்ன?"ன்னு கேக்கறவங்களுக்கு: நாகர்கோவில் பஸ்ல ஆரல்வாய்மொழி, முப்பந்தல் தாண்டிப் போயிருக்கீங்களா? ரெண்டு பக்கமும் காத்தாலையா நிக்கும். அதுல நிறைய யாரோடதுன்னு நினைக்கறீங்க? கோயமுத்தூர், திருப்பூர் பக்கத்து மில் முதலாளிகளோடது. மில்லுக்குக் கரண்ட் தேவைங்கறது ஒரு காரணம். இன்னொரு காரணம், காத்தாலை வெச்சா முதல் வருஷத்துலயே 80 சதவீதம் வரைக்கும் தேய்மானம்னு எழுதி வருமானத்துல கழிச்சுக்கலாம்னு அப்ப இருந்தது. இது கிரெடிட் இல்ல, கழிவுதான், அதுவும் வரியைத் தள்ளிப் போடற வித்தை. ஆனா அடிப்படை ஒண்ணுதான்: லாபம் சம்பாதிக்கற மில்லுக்குத்தான் பலன். பக்கத்துல மானாவாரி நிலம் வெச்சிருந்த விவசாயி ஒரு காத்தாலை வெச்சா இதுல அவருக்கு ஒண்ணும் கிடையாது, விவசாய வருமானத்துக்கு வருமான வரியே இல்லையே! இறக்கை சுத்தினாலும் சுத்தாட்டியும் கழிவு கிடைக்குதேன்னு விமர்சனம் வந்துதான், 2009 டிசம்பர்ல யூனிட்டுக்கு 50 பைசான்னு உற்பத்தி ஊக்கத்தொகை கொண்டு வந்தாங்க.

2012 மார்ச்சோட அந்த ரெண்டையும் நிறுத்தினாங்க. 2011-12-ல இந்தியா முழுக்க சுமார் 3,200 மெகாவாட் காத்தாலை வந்துது. அடுத்த வருஷம் சுமார் 1,700. பாதி காலி. அமெரிக்காவுலயும் அதே சமயம் கிட்டத்தட்ட இதே கதை. கிரெடிட் 2012 கடைசியில முடியப் போகுதுன்னு அடிச்சுப் பிடிச்சு அந்த வருஷம் 13,000 மெகாவாட் வெச்சாங்க. 2013-ல சுமார் 1,100. பத்துல ஒரு பங்கு கூட இல்ல! சலுகையை ஒவ்வொரு தடவையும் கடைசி நாள் வரைக்கும் இழுத்தடிச்சா, தொழில் தீபாவளி சீசன் மாதிரி ஆயிடுது. பட்டாசுக் கடை அப்படி ஓடலாம், இறக்கை செய்யற ஃபாக்டரி அப்படி ஓட முடியுமா?

சரி, கோயிலுக்கு வருவோம். 2022 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல 'பணவீக்கக் குறைப்புச் சட்டம்'னு ஒண்ணு வந்துது. பேருக்கும் விஷயத்துக்கும் சம்பந்தம் கம்மி. அதுல ரெண்டு விஷயம் புதுசு.

ஒண்ணு, கிரெடிட்டை வெளி ஆளுக்கு ரொக்கத்துக்கு விக்கலாம். கூட்டாளியா சேத்துக்க வேண்டியதில்ல. 2023 டிசம்பர்ல ஃபர்ஸ்ட் சோலார் கம்பெனி 70 கோடி டாலர் வரையிலான கிரெடிட்டை ஃபைசர்வ்ங்கற கம்பெனிக்கு வித்துது. ரேட் என்ன தெரியுமா? டாலருக்கு 96 சென்ட். அரசாங்கம் ஒரு ரூபா குடுக்குது, 96 பைசா தொழிலுக்குப் போகுது, 4 பைசா வாங்கறவருக்கு. முன்னாடி இருந்த பங்கு புரட்டற வித்தையோட பார்த்தா இது எவ்வளவோ தேவலை. ஆனாலும் 4 பைசா எதுக்குன்னு கேக்கத் தோணுது. 70 கோடிக்கு 4 சதவீதம்னா 2 கோடியே 80 லட்சம் டாலர்!

ரெண்டாவதுதான் எனக்குப் பிடிச்சது. வரியே கட்டாத பள்ளிக்கூடம், முனிசிபாலிட்டி, தர்ம ஸ்தாபனம், சர்ச், கோயில் இவங்களுக்கு அந்தக் கிரெடிட்டை வரித்துறையே காசா குடுத்துடும். வரி கட்டினதா பாவிச்சு, அதைத் திருப்பித் தர்ற மாதிரி ஒரு ஏற்பாடு. 2023 ஜனவரியிலிருந்தே அமல். நாங்க மீட்டிங்ல சிரிச்சது 2023 இலையுதிர் காலத்துல. புரியுதா என் வருத்தம்?

சார்ஜருக்கான கிரெடிட்டுக்கு 30சி-ன்னு பேரு. வருமானம் கம்மியா உள்ள பகுதியிலயோ, நகரம் இல்லாத பகுதியிலயோ இருக்கணும்னு ஒரு நிபந்தனை. அந்தக் காலத்துல நிலம் சல்லிசுன்னு சோளக்காட்டுல கட்டினாங்களே, அந்தப் புண்ணியத்துல எங்க கோயிலுக்கு அந்தத் தகுதி இருந்தது. 30 சதவீதம் வேணும்னா வேலை செய்யற எலக்ட்ரிஷியனுக்கு அரசாங்கம் நிர்ணயிச்ச கூலி குடுக்கணும், தொழில் பழகறவங்களையும் சேர்த்துக்கணும், எல்லாத்துக்கும் கணக்கு வெக்கணும். இல்லன்னா 6 சதவீதம்தான். எங்க 40,000-க்கு முதலாவது வழியில 12,000 டாலர், ரெண்டாவது வழியில 2,400. அதே கோயில் கூரையில சின்னதா சோலார் வெச்சா கூலி நிபந்தனை கிடையாது, ஒரு மெகாவாட்டுக்குள்ளன்னா நேரா 30 சதவீதம். கூரைக்கு ஒரு நியாயம், பார்க்கிங்குக்கு ஒரு நியாயம்!

அப்புறம் நடைமுறை. முதல்ல முழுப் பணமும் நீங்க போடணும். சார்ஜர் வேலைக்கு வந்த அப்புறம் வரித்துறை வலைத்தளத்துல பதிஞ்சு நம்பர் வாங்கணும். அடுத்த வருஷம் 990-டி படிவம் தாக்கல் பண்ணணும். வழக்கமா எந்த வரிப் படிவமும் குடுக்கத் தேவையில்லாத கோயில், கட்டாத வரியைத் திருப்பி வாங்கறதுக்காகப் படிவம் போடணும். எந்தப் புண்ணியவான் யோசிச்சானோ! காசு கைக்கு வர ஒரு வருஷத்துக்கு மேல ஆகலாம். அதுவரைக்கும் வட்டி யாரு கட்டறது?

இதெல்லாம் நான் தோண்டிப் பார்த்தது 2025 ஆகஸ்ட்ல. காரணம், அந்த ஜூலை 4-ம் தேதி கையெழுத்தான புதுச் சட்டம். 2032 கடைசி வரைக்கும் இருக்க வேண்டிய 30சி-யை, 2026 ஜூன் 30-க்கு அப்புறம் வேலைக்கு வர்ற சார்ஜருக்குக் கிடையாதுன்னு வெட்டிட்டாங்க. "கோயிலுக்கும் உண்டாமே"ன்னு அந்தச் செய்தியைப் படிச்சுட்டு அதே மாமிதான் மெயில் போட்டாங்க. நான் எக்செல் ஷீட்டோட போய் நின்னேன்.

பொருளாளர் அங்கிள் ஷீட்டை ரொம்ப நேரம் பார்த்தார். "ஏன் தம்பி, இது ரெண்டு வருஷமா இருந்துச்சா?" ஆமா அங்கிள்னேன். அவர் ஒண்ணும் சொல்லல. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு மறுபடியும் பார்த்தார். கோயில் காசுல பத்து டாலர் வீணாகக் கூடாதுன்னு கற்பூரத்தை மொத்த விலையில வாங்கற மனுஷன்.

கடைசியில கமிட்டி முடிவு: கூலிக் கணக்கு, படிவம், கடன் எல்லாத்தையும் பத்து மாசத்துல முடிக்க நம்மால ஆகாது, நன்கொடையில ரெண்டே ரெண்டு சார்ஜர் மட்டும் வெப்போம், கிரெடிட் வந்தா வருது, வராட்டி போகுது. நாலு ரெண்டாச்சு. அந்தப் பக்கம் 70 கோடி டாலர் கிரெடிட்டைக் கை மாத்தி விட்டவங்களுக்கு ஆள் அம்பு சேனை இருந்தது. எங்களுக்கு இருந்தது நானும் ஒரு எக்செல் ஷீட்டும்.

இப்ப எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லணும், இல்லன்னா பின்னூட்டத்துல நீங்களே கும்மிடுவீங்க. "காசா குடுத்தா மட்டும் கிழிச்சிடுவாங்களா?"ன்னு கேக்கலாம். நியாயமான கேள்வி. 2021 நவம்பர்ல நெடுஞ்சாலை சார்ஜருக்குன்னு 500 கோடி டாலர் நேரடி மானியம் ஒதுக்கினாங்க. மத்திய அரசு மாநிலத்துக்குக் குடுத்து, மாநிலம் திட்டம் போட்டு, டெண்டர் விட்டு... முதல் நிலையம் ஒஹாயோவுல திறந்தது 2023 டிசம்பர்ல. ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு! அப்புறம் ஆட்சி மாறி 2025 பிப்ரவரியில புது ஒதுக்கீட்டை நிறுத்தி வெச்சு, மாநிலங்கள் கோர்ட்டுக்குப் போய், ஆகஸ்ட்ல புது விதிகள் வந்துது. மானியம்னா யாரோ ஒருத்தர் கையெழுத்துக்குக் காத்து நிக்கணும். டாக்ஸ் கிரெடிட்ல அது இல்ல. நிபந்தனையைப் பூர்த்தி பண்ணினா அது உங்க உரிமை. எந்த அதிகாரி டேபிளுக்கும் போய் நிக்க வேண்டாம். இது சின்ன விஷயம் இல்ல. ஒரு சர்டிபிகேட்டுக்குத் தாலுகா ஆபீஸ்ல நின்னவங்களுக்கு இதோட அருமை தெரியும்.

அப்ப நான் என்னதான் சொல்றேன்? டாக்ஸ் கிரெடிட்ல நல்ல பாகம் எது, கெட்ட பாகம் எதுன்னு பிரிச்சுப் பாருங்க. யார்கிட்டயும் கெஞ்ச வேண்டாம், விதிக்குள்ள வந்தா தானா கிடைக்கும்ங்கறது நல்ல பாகம். நீ வரி கட்டறவனா இருந்தாத்தான் கிடைக்கும்ங்கறது கெட்ட பாகம். முதலாவதை வெச்சுக்கிட்டு ரெண்டாவதைத் தூக்கிப் போடலாம். முடியும்னு 2009-ல ஒரு தடவை காட்டினாங்க, 2023-ல கோயில்களுக்குக் காட்டினாங்க, 2024-ல கார் வாங்கறவங்களுக்குக் காட்டினாங்க. ஒவ்வொரு தடவையும் விதிவிலக்கா காட்டினாங்க. அதை விதியா ஆக்கணும்னுதான் கேக்கறேன். கூடவே பணத்தை வேலை முடிஞ்ச மாசமே குடு. ஒரு வருஷம் காத்திருக்கற சக்தி பேங்க்ல கடன் வாங்க முடிஞ்சவனுக்குத்தான் உண்டு.

இன்னொண்ணு. பேரை மாத்துங்கப்பா! 'வரி'ங்கற வார்த்தை தலைப்புல இருந்தா, வரி கட்டாதவன் அந்தப் பக்கமே வர மாட்டான். எங்க அங்கிள் மாதிரி எத்தனை பஞ்சாயத்துத் தலைவர், எத்தனை ஹெட்மாஸ்டர் "நமக்கில்ல"ன்னு பக்கத்தைத் திருப்பியிருப்பாங்க? கிடைக்காத சலுகையாவது பரவாயில்ல. இருந்தும் நமக்கில்லன்னு நாமளே நினைச்சுக்கற சலுகை இருக்கே, அது கொடுமை.

நம்ம ஊர்லயும் 2019 ஏப்ரல்லேர்ந்து 2023 மார்ச் வரைக்கும் வாங்கின மின்சார வண்டிக் கடனோட வட்டிக்கு வருஷம் ஒன்றரை லட்சம் வரை கழிவு குடுத்தாங்க. எண்பதாயிரத்துக்கு ஸ்கூட்டர் வாங்கி டெலிவரி ஓட்டற தம்பிக்கு வருமான வரி ஏது? அதுல அவருக்கு என்ன கிடைச்சுதுன்னு யோசிச்சுப் பாருங்க. அடுத்த தடவை பட்ஜெட்ல 'வரிச்சலுகை'ன்னு கைதட்டல் கேட்டா, எவ்வளவுன்னு பார்க்காதீங்க. யாருக்கு வரி இருக்குன்னு முதல்ல பாருங்க.

டிஸ்கி: நான் ஆடிட்டர் இல்ல. இதைப் படிச்சுட்டு யாராவது படிவம் நிரப்பினா கம்பெனி பொறுப்பில்ல. தப்பு இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க, திருத்திக்கறேன்.

பி.கு.: ரெண்டு சார்ஜருக்கு ஞாயித்துக்கிழமை நிச்சயம் அடிதடி நடக்கும். யாருக்கு முதல்லன்னு டோக்கன் சிஸ்டம் எழுதித் தரச் சொல்லி அங்கிள் கேட்டிருக்கார். அதுலயாவது வரி கட்டினவங்களுக்கு முதல் உரிமைன்னு போடாம இருக்கணும் :-)